மின்தொகுப்புகளில் பன்முகப் பார்வை: கதைப்பாடல் விவரப்பதிவுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்ப் பண்பாட்டு ஆவணங்களை மின்னுருவாக்கம் செய்யும் பணி கடந்த கால் நூற்றாண்டில் விரிவடைந்துள்ளது. எத்தனை நூல்கள், எத்தனை பக்கங்கள் சேர்க்கப்பட்டன என்பதைக் கொண்டே இப்பணி பெரும்பாலும் மதிப்பிடப்படுகிறது. சேர்க்கப்பட்ட பொருள் யாருடைய பார்வையில் விவரிக்கப்படுகிறது என்னும் வினாவும் அதே அளவு முதன்மையானது. இக்கட்டுரை அவ்வினாவைக் கதைப்பாடல்களின் விவரப்பதிவுகளை முன்வைத்து ஆராய்கிறது. முத்துப்பட்டன் கதை முதன்மைச் சான்றாகவும், மதுரைவீரன் கதை, புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் கதைப்பாடல்கள் ஆகியன துணைச் சான்றுகளாகவும் கொள்ளப்பட்டுள்ளன. ஒரு பொருளுக்கு ஒரே ஆசிரியர், ஒரே சுருக்கம், ஒரே பொருட்சொல் என அமையும் பதிவு, கதைப்பாடலில் இயல்பாக உள்ள பல குரல்களுள் ஒன்றை மட்டும் நிலைநிறுத்துகிறது என்பதும், பாடவேறுபாடுகளைப் பேணிய தமிழ்ப் பதிப்பு மரபிலிருந்தே இதற்கான தீர்வைப் பெறலாம் என்பதும் இக்கட்டுரையின் துணிபுகள்.

திறவுச்சொற்கள்: மின்னுருவாக்கம், மீதரவு, விவரப்பதிவு, கதைப்பாடல், வில்லுப்பாட்டு, பாடவேறுபாடு

முன்னுரை

1994இல் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் வாழ்நாள் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. 1998இல் மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் இலக்கியங்களை மின்பதிப்புகளாக வெளியிடத் தொடங்கியது. 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்து எழுத்தாவணங்களைத் தொகுத்துவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அரிய அச்சு நூல்களையும் இதழ்களையும் எவரும் படிக்கும் வகையில் வழங்குகிறது. இம்முயற்சிகள் இல்லையெனில் இன்றைய தமிழாய்வின் பெரும்பகுதி நிகழ்ந்திராது.

நூல் கிடைத்துவிட்டது என்பதனால் அதைப் பற்றிய எல்லாப் பார்வைகளும் கிடைத்துவிட்டன என்று கொள்ளவியலாது. மின்தொகுப்பில் ஆய்வாளர் முதலில் சந்திப்பது நூலை அன்று. நூலைப் பற்றிய சில வரிகளையே அவர் முதலில் சந்திக்கிறார். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பொருள், சுருக்கம் என்னும் அவ்வரிகளின் தொகுதியே விவரப்பதிவு எனப்படுகிறது. அதில் உள்ள தகவல்கள் மீதரவு எனப்படுகின்றன. தேடுபொறி நூலின் பக்கப் படங்களைப் படிப்பதில்லை, பதிவைப் படிக்கிறது. பதிவில் இல்லாத பெயர், தேடுவோரைப் பொறுத்தவரை தொகுப்பிலும் இல்லை.

எனவே, பண்பாட்டுத் தொகுப்புகளில் பன்முகப் பார்வை என்னும் சிக்கலை விவரப்பதிவின் நிலையில் வைத்து ஆராய்வது தேவையாகிறது. கதைப்பாடல், ஒரே கதையைப் பல சமூகங்களும் பல நிகழ்த்துநர்களும் பல அச்சகங்களும் வெவ்வேறு நோக்கில் வழங்கிய இலக்கிய வகை. ஆகவே இவ்வாய்வுக்கு அது பொருத்தமான களமாகிறது. கட்டுரை விளக்கமுறையிலும் ஒப்பீட்டு முறையிலும் அமைகிறது. எந்த ஒரு நிறுவனத்தின் பட்டியலையும் மதிப்பிடுவது இதன் நோக்கமன்று.

1. விவரப்பதிவின் அமைப்பு

மின்னூலகங்கள் பரவலாகப் பின்பற்றும் மீதரவுத் தரங்களுள் ஒன்று டப்ளின் கோர். 1995இல் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்து டப்ளின் நகரில் நடைபெற்ற பயிலரங்கிலிருந்து உருவானமையால் இப்பெயர் பெற்றது. தலைப்பு, படைப்பாளர், பொருள், விளக்கம், வெளியீட்டாளர், பங்களிப்பாளர், காலம், வகை, வடிவம், அடையாளக்குறி, மூலம், மொழி, தொடர்பு, பரப்பு, உரிமை என 15 கூறுகளை இது கொண்டுள்ளது.

இத்தரத்தின் ஓர் இயல்பு ஈண்டுக் கருதத்தக்கது. இதன் கூறுகள் எவையும் கட்டாயமானவை அல்ல. எக்கூறையும் எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஒரு பொருளுக்கு மூன்று விளக்கங்களோ நான்கு தலைப்புகளோ அமைவதைத் தரம் தடுப்பதில்லை. அச்சு நூலகத்தின் பட்டியல் அட்டையில் இடம் குறைவு. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி என்னும் பழக்கம் வேரூன்றியது. இடநெருக்கடி நீங்கிய பின்னரும் அப்பழக்கம் தொடர்கிறது. ஆகவே ஒற்றைக் குரல் பதிவுக்குத் தொழில்நுட்பத்தைக் காரணமாகக் காட்ட இயலாது.

2. ஆசிரியர் என்னும் கூறு

அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு முதலிய கதைப்பாடல்கள் பெரிய எழுத்துப் பதிப்புகளில் புகழேந்திப் புலவர் இயற்றியனவாக அச்சிடப்பட்டன. நளவெண்பாப் பாடிய புகழேந்தியின் மொழிநடைக்கும் இவற்றின் நடைக்கும் தொடர்பில்லை என்பது ஆய்வுலகம் ஏற்ற முடிவு. ஆயினும் முகப்பு அட்டையைப் பார்த்துப் பதிவு செய்பவர் ‘ஆசிரியர்: புகழேந்திப் புலவர்’ என்றே எழுத நேர்கிறது. அட்டையில் உள்ளதை உள்ளவாறு எழுதுவது பட்டியலாளரின் கடமை என்பதால் இதைப் பிழையென்றும் கூறவியலாது.

இங்கு இரண்டு இழப்புகள் நேர்கின்றன. முதலாவது, வாய்மொழியாக இக்கதைகளை வளர்த்த பாடகர்கள் பதிவிலிருந்து மறைகின்றனர். இரண்டாவது, அவற்றை அச்சுக்கேற்பச் செப்பனிட்ட பதிப்பாளர்களும் மறைகின்றனர். ‘ஆசிரியர் பெயர் அறியப்படவில்லை’ எனத் திருத்துவதாலும் சிக்கல் முற்றிலும் தீராது. புகழ்பெற்ற புலவர் ஒருவரின் பெயரால் நாட்டார் கதைகளுக்கு மதிப்புத் தேடிய அச்சுப் பண்பாட்டின் சான்று அப்போது அழிந்துவிடும். அட்டை கூறும் ஆசிரியர், ஆய்வு கூறும் கருத்து, வழங்கும் மரபு என மூன்றையும் தனித்தனியே, யார் கூற்று என்னும் குறிப்போடு பதிவதே பொருந்தும்.

3. ஒரு கதை, மூன்று சுருக்கங்கள்

விளக்கம் அல்லது சுருக்கம் என்னும் கூறு பதிவு செய்பவரின் சொந்தச் சொற்களால் நிரப்பப்படுவது. பார்வை வெளிப்படையாக நுழையும் இடம் அதுவே. நெல்லை, குமரி மாவட்டங்களில் வில்லுப்பாட்டாக நிகழ்த்தப்படும் முத்துப்பட்டன் கதை, நா. வானமாமலையால் பதிப்பிக்கப்பட்டு 1970களின் முற்பகுதியில் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. இக்கதைக்குக் கட்டுரையாளர் அமைத்த மூன்று சுருக்கங்கள் கீழே தரப்படுகின்றன.

அ. அந்தணர் குலத்து இளைஞனான முத்துப்பட்டன் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியர் குலப் பெண்கள்மீது காதல்கொண்டு, குலத்தைத் துறந்து அவர்களை மணந்தான். மாடு கவர்ந்த கள்வரோடு போரிட்டு மாண்டு தெய்வமானான்.

ஆ. மாடு காவலும் தோல்தொழிலும் உடைய வாலப்பகடை, தம் மகளிரைப் பெண்கேட்டு வந்த அந்தண இளைஞனிடம் பூணூலையும் குடுமியையும் நீக்கிச் செருப்புத் தைக்கும் தம் தொழிலை ஏற்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்; ஏற்ற பின்னரே பெண் கொடுத்தார். மருமகன் மாடுகளை மீட்கும் போரில் உயிரிழந்தான்.

இ. பொம்மக்காவும் திம்மக்காவும் காட்டில் தம்மை எதிர்ப்பட்ட அந்தணனைக் கண்டு அஞ்சித் தந்தையிடம் ஓடினர். தந்தை இசைந்தபின் அவனை மணந்தனர். மணவாழ்வு நிலைபெறுமுன் அவனை இழந்து அவன் சிதையில் புகுந்தனர். அவனோடு தெய்வங்களாக வழிபடப்படுகின்றனர்.

மூன்றிலும் பொய்யான செய்தி இல்லை. ஆயினும் முதற் சுருக்கத்தில் எழுவாய் முத்துப்பட்டன். ‘துறந்தான்’ என்னும் வினை கதையை ஒருவனின் தியாகமாக்குகிறது. இரண்டாவதில் எழுவாய் வாலப்பகடை. ‘நிபந்தனை விதித்தார்’ என்னும் வினை கதையை ஒரு சமூகம் தன் தொழிலின் மதிப்பை வற்புறுத்திய நிகழ்வாக்குகிறது. மூன்றாவதில் எழுவாய் பெண்கள். அவர்களின் அச்சமும் மணமும் சாவும் கதையின் தொடராகின்றன. நூலின் தலைப்பிலேயே முத்துப்பட்டன் பெயர் இருப்பதால் முதல் வகைச் சுருக்கமே இயல்பானதாகத் தோன்றும். அந்த இயல்புத் தோற்றமே ஆராயத்தக்கது.

இதன் விளைவு தேடலில் வெளிப்படும். முதற் சுருக்கம் மட்டும் பதிவில் இருக்குமாயின், தோல்தொழிலாளர் வரலாற்றை ஆராய்பவர் ‘செருப்பு’, ‘தோல்தொழில்’, ‘பகடை’ என்னும் சொற்களால் தேடும்போது இந்நூல் அவருக்குக் கிடைக்காது. பாபநாசத்தை அடுத்த காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக வழிபடப்படும் முத்துப்பட்டனுக்கு அடியவர்கள் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகின்றனர். கோயில் வாயிலுக்கு வெளியே கழற்றி விடப்படும் பொருள் இங்குப் படையலாகிறது. இவ்வழிபாட்டின் பொருளை விளக்கும் நிகழ்ச்சி இரண்டாம் சுருக்கத்தில்தான் உள்ளது. அக்காணிக்கையின் ஒளிப்படமும் கதைப்பாடலின் அச்சுநூலும் ஒரே தொகுப்பில் இருந்தாலும், இவ்விரண்டையும் இணைக்கும் சொல் பதிவில் இல்லையெனில் அவை ஒன்றையொன்று அறியாமலே கிடக்கும்.

4. பிறப்புக் கதையும் பாடவேறுபாடும்

முத்துப்பட்டன் கதையின் வடிவங்களிடையே உள்ள தலையாய வேறுபாடு அப்பெண்களின் பிறப்பைப் பற்றியது. அவர்கள் வாலப்பகடையின் மக்கள் என்பது ஒரு வடிவம். அவர்கள் உண்மையில் அந்தணர் குலத்தில் பிறந்து அவரால் வளர்க்கப்பட்டவர்கள் என்பது மற்றொரு வடிவம். இரண்டாவது வடிவத்தில் சாதி கடந்த மணம் என்னும் கதையின் நடுநரம்பே அறுபடுகிறது. இது பிற்காலத்தில் செய்யப்பட்ட மாற்றம் என்பது நா. வானமாமலையின் கருத்து. மதுரைவீரன் கதையிலும் இதனை ஒத்த அமைப்பு உண்டு. வீரன் காசி மன்னனுக்குப் பிறந்து, காட்டில் விடப்பட்டு, சக்கிலியர் குலத் தம்பதியரால் வளர்க்கப்பட்டவன் என்று பரவலாக வழங்கும் வடிவம் கூறுகிறது. 1956இல் வெளிவந்த திரைப்படமும் அரச பிறப்பையே கொண்டது.

தமிழ்ப் பதிப்பு மரபுக்குப் பாடவேறுபாடு புதிதன்று. உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் பதிப்பித்தார். பல ஏடுகளை ஒப்பிட்டுப் பிரதிபேதங்களைக் குறித்துக் காட்டுவதைத் தம் பதிப்பு முறையின் அங்கமாகக் கொண்டார். திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பதை நாம் குறையாகக் கருதுவதில்லை, வளமாகவே போற்றுகிறோம். ஒரு குறளுக்கு இரு பொருள் கூறும் உரையாசிரியர்களை அருகருகே வைத்துக் கற்ற மரபு, ஒரு கதைப்பாடலின் இரு வடிவங்களை அருகருகே வைக்கத் தயங்க வேண்டியதில்லை.

எனினும் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. செவ்விலக்கியப் பதிப்பாசிரியர் மூலபாடத்தை அணுகும் பொருட்டு வேறுபாடுகளை ஒப்பிடுகிறார். கதைப்பாடலில் வேறுபாடு ஏடெழுதுவோரின் கைப்பிழையாக மட்டும் இருப்பதில்லை. பல இடங்களில் அது ஒரு சமூகம் கதைமீது வைத்த உரிமைக்கோரிக்கை. பெண்களின் பிறப்பு மாற்றப்பட்டது தற்செயல் அன்று. கதையைக் கேட்கவும் அச்சிடவும் இசையாத ஒரு சூழலுக்கேற்ப அது திருத்தப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அத்திருத்தத்தைப் ‘போலி’ என நீக்கினால், சாதி அச்சுப் பண்பாட்டின்மீது செலுத்திய அழுத்தத்தின் சான்று நீங்கிவிடும். அதனையே கதையாகப் பதிந்தால், முந்தைய குரல் நீங்கிவிடும். காப்பகம் தீர்ப்புக் கூற வேண்டிய இடமன்று இது. எவ்வடிவம், எவ்வாண்டு, எவ்வூர், எவர் வாய்மொழி அல்லது எவர் பதிப்பு என்னும் விவரங்களோடு இரண்டையும் காட்டி, டப்ளின் கோரின் ‘தொடர்பு’ என்னும் கூற்றால் இணைப்பதே அதன் கடன். தீர்ப்பு ஆய்வாளருக்குரியது.

5. பொருட்சொல்லும் காலமும்

கதைப்பாடலில் ‘சக்கிலியர்’ என வழங்கும் சமூகம் இன்று ‘அருந்ததியர்’ என்னும் பெயரால் தன்னைக் குறிக்கிறது. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு அருந்ததியர் சிறப்பு இடஒதுக்கீட்டுச் சட்டம் அருந்ததியர், சக்கிலியன், பகடை, மாதாரி, மாதிகா முதலிய பெயர்களைத் தொகுத்துக் காட்டுகிறது. ‘வாலப்பகடை’ என்னும் பாத்திரப் பெயரின் இறுதிச் சொல் அவற்றுள் ஒன்று. பதிவில் எப்பெயரைப் பொருட்சொல்லாக வைப்பது?

பாடலில் உள்ள சொல்லை மாற்றினால் ஆவணம் சிதையும். அச்சொல்லையே தேடலுக்குரிய வகைப்பெயராக வைத்தால், வசவாகவும் வழங்கப்பட்ட ஒரு பெயரைக் காப்பகம் தன் சொந்தக் குரலில் மீண்டும் உச்சரித்ததாகும். ஆவணத்தின் சொல்லும் காப்பகத்தின் சொல்லும் வேறு வேறு என்னும் தெளிவு இருப்பின் இச்சிக்கல் அவிழும். மூலத்தின் சொல் மேற்கோள் குறியோடு விளக்கத்தில் நிற்கட்டும். சமூகம் தனக்குச் சூட்டிய பெயர் பொருட்சொல்லாக அமையட்டும். இரண்டில் எதனைக் கொண்டு தேடினும் பதிவு கிடைக்கட்டும்.

காலனிய ஆவணங்களில் இத்தெளிவு மேலும் இன்றியமையாதது. 1871இல் இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் 1911ஆம் ஆண்டின் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கு விரிந்தது. 1947இல் இங்கு நீக்கப்பட்டது. ஆனால் அச்சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட கோப்புகளும் எடுக்கப்பட்ட படங்களும் மின்னுருவாக்கம் பெறும்போது, ‘குற்றப்பரம்பரை’ என்னும் அரசின் வகைப்பெயர் பொருட்சொல்லாக மீளக்கூடும். சட்டம் நீங்கிய பின்னும் அதன் சொல் தேடுபொறியில் வாழும். அது அரசு இட்ட பெயர் என்னும் ஒரு வரிக் குறிப்பு, ஆவணத்தை மறைக்காமலே அதன் அதிகாரத்தைக் கேள்விக்குட்படுத்தும்.

6. நிகழ்த்துநரும் வழிபடுவோரும்

வில்லுப்பாட்டு கோயில் கொடையில் நிகழ்த்தப்படுவது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட வில்லுப்பாட்டு ஆய்வு, கதை நாயகரின் இறப்புக் காட்சிக்கும் சாமியாட்டத்துக்கும் உள்ள நெருக்கத்தை விரிவாக எடுத்துக்காட்டியது. அவ்வேளையில் கதை, கேட்போருக்கு இலக்கியமாக மட்டும் இருப்பதில்லை, தெய்வத்தின் வருகையாகிறது. அத்தகைய நிகழ்த்துதலின் ஒலி, ஒளிப்பதிவை எவரும் எந்நேரமும் காணும் வகையில் வைப்பது முறையா என்பதை நிறுவனம் தானே முடிவுசெய்ய இயலாது.

இவ்வகையில் ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு இணைந்து உருவாக்கப்பட்ட முக்குர்ட்டு என்னும் காப்பக மென்பொருள் ஒரு முன்மாதிரி. யார் எதைக் காணலாம் என்பதைச் சமூகத்தின் மரபுவழி நெறிகளே அதில் வரையறுக்கின்றன. ஒரே பொருளுக்கு நிறுவனத்தின் விளக்கமும் சமூகத்தின் விளக்கமும் அருகருகே இடம்பெறவும் வழியுண்டு. ஆஸ்திரேலியத் தொல்குடிகளின் சூழலும் தமிழ்ச் சாதிச் சூழலும் வேறானவை. ஒரே தெய்வத்தைப் பல சாதியார் வழிபடும் தமிழ்ச் சூழலில் ‘சமூகத்தின் குரல்’ என ஒன்றை மட்டும் தேர்வது புதியதோர் ஒற்றைக் குரலாக முடியலாம். எனவே அம்முறையை அப்படியே எடுத்தாள இயலாது. ஒவ்வொரு விளக்கத்துக்கும் கூறியவர், ஊர், நாள், உறவு ஆகியவற்றைக் குறிக்கும் ஒழுங்கையே அதிலிருந்து கொள்ளலாம். பாடகர், கோயிலார், பெண்கள், இளையோர் எனப் பலரிடமும் கேட்டுப் பதிதல் வேண்டும்.

7. மாதிரிப் பதிவு

மேற்கண்ட கருத்துகளின் அடிப்படையில் முத்துப்பட்டன் கதைக்குப் பின்வரும் பதிவமைப்புப் பரிந்துரைக்கப்படுகிறது.

தலைப்பு: அச்சிலுள்ள தலைப்பு, வட்டார வழக்கில் உள்ள பிற பெயர்கள்.
படைப்பாளர்: வாய்மொழி மரபு; அட்டையில் பெயர் இருப்பின் ‘அட்டையின்படி’ என்னும் குறிப்புடன்.
பங்களிப்பாளர்: பாடியவர், ஏடு வழங்கியவர், பதிப்பாசிரியர், பதிவு செய்தவர்; அவரவர் இசைவுக்கு உட்பட்டு.
விளக்கம்: குறைந்தது இரண்டு, ஒவ்வொன்றிலும் எழுதியவர், நாள்.
பொருள்: சமூகம் ஏற்ற பெயர், தொழில், சடங்கு, மூலத்தின் சொல் தனியே.
தொடர்பு: பிற வடிவங்கள், வேறுபடும் நிகழ்ச்சி, தொடர்புடைய வழிபாட்டிடம், படங்கள்.
உரிமை: பதிப்புரிமை, வழிபாட்டு மரபின் வரையறைகள்.

8. தடைகளும் மறுப்புகளும்

இவ்வமைப்புக்கு மூன்று தடைகள் கூறப்படலாம். முதலாவது, உழைப்பு. ஆயிரக்கணக்கான நூல்களைப் பதியும் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் பல விளக்கங்கள் எழுத இயலாது. இது மெய். ஆயினும் எல்லா நூலுக்கும் இது தேவைப்படாது. கணித நூலுக்கும் கதைப்பாடலுக்கும் ஒரே அளவு விவரம் வேண்டியதில்லை. வடிவ வேறுபாடு உள்ளவற்றுக்கும், சமூகங்களை வகைப்படுத்தும் ஆவணங்களுக்கும் முன்னுரிமை தரலாம். தமிழ்த் துறைகளின் முதுகலை, ஆய்வியல் நிறைஞர் மாணவர்களின் களப்பணி ஏடுகளில் இத்தகைய விளக்கங்கள் ஏற்கெனவே உள்ளன. அவற்றைப் பதிவுகளோடு இணைக்கலாம்.

இரண்டாவது, பூசல். எதிர் எதிரான கூற்றுகளை அருகருகே வைப்பது சாதிப் பிணக்கைத் தூண்டும் என்னும் அச்சம் உண்டு. ஒரு கூற்றை மறைத்து மற்றொன்றைக் காப்பகத்தின் கூற்றாக வெளியிடுவதும் ஒரு சார்பே. கூறியவர் இன்னார் எனக் குறிக்கும்போது நிறுவனம் அக்கூற்றைத் தன்னதாக்கிக் கொள்வதில்லை.

மூன்றாவது, உண்மை பற்றியது. எல்லாப் பார்வையும் சமம் எனில் ஆய்வுக்கு இடமேது என்று கேட்கலாம். பதிவில் இடம்பெறுதல் வேறு. சான்றால் நிலைபெறுதல் வேறு. புகழேந்தி ஆசிரியர் அல்லர் என்னும் ஆய்வு முடிவு, அட்டைக் குறிப்பின் அருகில் நிற்கும்போது வலிமை இழப்பதில்லை. எதனை மறுத்து எழுந்தது என்பது தெரிவதால் அதன் பொருள் தெளிவாகிறது.

முடிவுரை

இவ்வாய்வில் கண்டறியப்பட்டவை:

1. மின்தொகுப்பின் பன்முகத்தன்மை சேர்க்கப்பட்ட பொருள்களின் எண்ணிக்கையால் மட்டும் அமைவதில்லை. அப்பொருள்களை விவரிக்கும் சொற்களாலும் அமைகிறது.

2. ஒற்றை ஆசிரியர், ஒற்றைச் சுருக்கம் என்னும் வழக்கம் பட்டியல் அட்டைக் காலத்தின் எச்சம். மீதரவுத் தரம் அதனை வேண்டுவதில்லை.

3. முத்துப்பட்டன் கதையின் மூன்று சுருக்கங்களும் உண்மையானவை. ஆயினும் எழுவாய் மாறும்போது வெளிப்படும் சமூகமும் மாறுகிறது. தேடலில் எது கிடைக்கும் என்பதையும் அதுவே முடிவுசெய்கிறது.

4. கதைப்பாடலின் பிறப்பு வேறுபாடுகள் நீக்கத்தக்க பிழைகள் அல்ல. சமூக வரலாற்றின் சான்றுகள். பாடவேறுபாட்டைப் பேணிய தமிழ்ப் பதிப்பு மரபு இவற்றைப் பதிவதற்கு வழிகாட்டும்.

5. ஆவணத்தின் சொல்லையும் காப்பகத்தின் சொல்லையும் வேறுபடுத்துவதால், மூலம் சிதையாமலும் இழிவு தொடராமலும் காக்கலாம்.

கதைப்பாடல்களை இசைத்த தலைமுறை குறைந்துவருகிறது. ‘இந்தப் பெண்கள் யார் மக்கள்?’ என்று கேட்டால் தம் வழக்கில் உள்ள விடையைச் சொல்லக்கூடிய பாடகர்கள் இன்னும் சிலர் உள்ளனர். நூலின் பக்கங்களைப் பின்னரும் படமெடுக்கலாம்; அவர்களின் விடையைப் பின்னர்ப் பெற இயலாது. எனவே கதைப்பாடல்களின் மின்னுருவாக்கத்தில் பக்கப் படத்தோடு அவ்விடையும் அன்றே பதியப்பட வேண்டும். தமிழ்த் துறைகளும் மின்னூலகங்களும் இதற்கெனக் கூட்டுக் களப்பணித் திட்டங்களை வகுப்பது உடனடித் தேவை.